பன்னிரண்டாவது நிறம்

அல் கோபார்
14 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கை தாமரைக்கு அண்ணன் சேதுமாதவன் எழுதுவது. இங்கே நானும் சம்யுக்தாவும் நலம். எனக்குக் கொஞ்சம் சர்க்கரை, அவளுக்கு என்மேல் கொஞ்சம் கோபம். இரண்டும் கட்டுக்குள் இருக்கின்றன. நீ, மாப்பிள்ளை ராஜீவ், குழந்தை ரக்ஷிதா எல்லோரும் சுகம்தானே?

ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேன். வாட்ஸப்பில் நீ என்னை பிளாக் செய்தது செய்தபடியே இருக்கிறது. போன் போட்டாலும் நாலாவது நிமிஷம் நமக்குள் சண்டை வரும். அதனால்தான் காகிதம். இதைக் கொண்டுவரும் காதர் மைதீன் தம்மாமிலிருந்து உங்கள் அல் ஐனுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை லாரி ஓட்டுகிறவர். தங்கமான மனிதர், ஒரு டீ கொடு.

விஷயத்துக்கு வருகிறேன். நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கப் பாக்கெட் கடிகாரங்களில் வண்ண டயல் வைத்தவற்றை நான் சேர்ப்பது உனக்குத் தெரியும். இதுவரை பதினொரு நிறம் கிடைத்துவிட்டது. பன்னிரண்டாவது உங்கள் ஊர்ப் பழைய சந்தையில், மூசா பாய் என்ற கடிகாரக்காரரிடம் இருக்கிறது! ரோஸ் நிற விளிம்பு, நடுவில் நீலம், ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே ஒரு சின்னப் பூங்கொத்து. போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. என் கையில் மிச்சமாக இருக்கும் மூன்று கடிகாரங்களைக் கொடுத்து அதை மாற்றிக்கொள்வதாகப் பேசி முடித்துவிட்டேன். அந்த மூன்றும் இந்தப் பார்சலில் இருக்கின்றன.

பிப்ரவரி முதல் தேதி துபாயில் சேகரிப்பாளர்கள் கண்காட்சி. பன்னிரண்டு மணிக்குப் பன்னிரண்டு நிறம் என்று மேஜை போடப் போகிறேன். அதுவரை ரோஸை நீ வாங்கி வீட்டில் வைத்திரு. தயவுசெய்து துடைக்காதே. எழுத்து சின்னதாக இருந்தால் மறுபடி எழுதுகிறேன்: துடைக்காதே.

மறுப்பாயோ என்ற பயத்துடன்,
சேது


அல் ஐன்
29 ஆகஸ்ட் 2024

அண்ணாவுக்கு, தாமரை. நாங்கள் மூவரும் சுகம். அண்ணியின் கோபம் குறையாமல் பார்த்துக்கொள்.

ஆறு வருஷம் கழித்து அண்ணன் கடிதம் என்றதும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தேன். பிரித்தால் கடிகாரம்! அன்று திருச்சியில் ரக்ஷிதாவின் காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டும் என்று ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோமே, அன்றும் கடிகாரம்தான். கடைசியில் ராஜீவின் ஒன்றுவிட்ட அண்ணன் மடியில் உட்கார வைத்துக் குத்தினோம். அதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. சரி, போகட்டும்.

கிழித்துப் போடத்தான் நினைத்தேன். மறுநாள் சாயங்காலம் பார்த்தால் மூசா பாய் கடையில் நிற்கிறேன்! அவர் டப்பாவைத் திறந்ததும், அண்ணா, பொய் சொல்ல மாட்டேன், என் வாயிலிருந்து "ஐயோ, எவ்வளவு அழகு!" என்று வந்துவிட்டது. ரக்ஷிதா, "அம்மா, இட்ஸ் லைக் எ பர்த்டே கேக்" என்றாள்.

மூசா பாய் கீழக்கரைக்காரர். "ஒங்க அண்ணன் போட்டோவப் பாத்தே யல்லா, சட்டுனு முடிச்சிரலாம்னுட்டாரு. ஒரு கேள்வி கேக்கலம்மா," என்று சிரித்தார். நாங்கள் கிளம்பும்போது பிஸ்கட் டின்னில் கிடந்த இன்னொரு கடிகாரத்தை எடுத்து, "இத சும்மா வச்சுக்குங்க" என்று ரக்ஷிதா கையில் திணித்தார். அழுக்குப் பச்சை டயல், ஓடவில்லை, மேல் வளையமும் இல்லை. தானமாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதென்று வாங்கிக்கொண்டோம்.

உன் ரோஸ் என் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் தூங்குகிறது. ரக்ஷிதா இரண்டையும் போட்டோ எடுத்துப் பிரிண்ட் போட்டிருக்கிறாள், இணைத்திருக்கிறேன்.

தாமரை


அல் கோபார்
12 செப்டம்பர் 2024

என் தங்கமே தாமரை, சுகம், சுகத்துக்கும் மேலே! உங்கள் நலத்துக்கு தினமும் வேண்டிக்கொள்கிறேன், சத்தியமாக.

போட்டோவை ஆபீசில் பன்னிரண்டு பேருக்குக் காட்டிவிட்டேன். அவளுக்கு மகாராணி என்று பெயர் வைத்துவிட்டேன். சம்யுக்தா, "அப்போ நான் யாரு, தாதியா?" என்கிறாள்.

நீயும் கொஞ்சம் தெரிந்துகொள். இந்த டயல்களை மதிப்பிடுகிறவன் முதலில் விளிம்பைப் பார்ப்பான், எங்கேனும் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று. அப்புறம் முடி மாதிரி மெல்லிய கீறல். ஒரு கீறல் விலையில் கால்வாசியைத் தின்றுவிடும். எல்லாவற்றுக்கும் மேலே நிறம். அசல் என்றால் நிறத்தைப் பூசிச் சூளையில் வைத்துச் சுட்டிருப்பார்கள். எத்தனை வருஷம் ஆனாலும் அது போகாது. திருட்டுப்பயல்கள் சாதாரண வெள்ளை டயல்மேல் தூரிகையால் தீட்டி விற்பார்கள், அது ஈரம் பட்டாலே கையோடு வந்துவிடும்.

ரோஸில் கீறல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல். கண்ணாடி மூடியை இடப்பக்கமாகத் திருகினால் ஜாடி மூடி போலக் கழன்று வரும். கண்ணால் பார்க்கலாம், விரலால் தொடக் கூடாது.

பச்சை போட்டோவையும் பார்த்தேன். அந்தப் பச்சையை எந்த அமெரிக்கக்காரனும் போட்டதில்லை. முப்பது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், அது டூப்ளிகேட். ரக்ஷிதாவுக்கே விளையாடக் கொடுத்துவிடு, மாமா பரிசு என்று சொல்.

காதுகுத்து பற்றிக் கேட்டிருந்தாய். அதைப் பிறகு எழுதுகிறேன்.

சந்தோஷத்தில் சர்க்கரை ஏறிப்போன உன் அண்ணன்


அல் ஐன்
14 அக்டோபர் 2024

அண்ணாவுக்கு, எல்லோரும் நலம். அண்ணியை விசாரித்ததாகச் சொல். உன் சர்க்கரை எப்படி?

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை சிறப்பாக நடந்தது. ராஜீவின் சர்வே கருவி, என் தையல் மிஷின், ரக்ஷிதாவின் வயலின், மிக்சி, கார் சாவி, இரண்டு லேப்டாப் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டோம். கொண்டைக்கடலைச் சுண்டல், பொரி, சர்க்கரைப் பொங்கல். மறுநாள் விஜயதசமியன்று காலையில்தான் எல்லாவற்றையும் எடுத்தோம். பக்கத்து பிளாட் சரசு வந்து, "ஒங்க வீட்ல மட்டும்தாங்க மிக்சிக்குக்கூட மாலை" என்றாள்.

வேறொன்றும் விசேஷம் இல்லை.

போன கடிதத்தில் சூளையில் சுட்ட நிறம் போகவே போகாது என்று எழுதியிருந்தாயே, அது நிச்சயம்தானா? சும்மா கேட்டேன். ரக்ஷிதாவின் பள்ளிக்கூடப் பாடத்துக்கு.

தாமரை


அல் கோபார்
18 அக்டோபர் 2024

அன்புள்ள தாமரைக்கு, நலம். உங்கள் சுண்டல் வாசனை இங்கே வரை வந்தது.

ரக்ஷிதா இதையெல்லாம் படிக்கிறாளா! என் மருமகள் என் மருமகள்தான். சுட்ட நிறம் போகவே போகாது என்று எழுதச் சொல். சந்தேகம் இருந்தால் என் தலையைப் பந்தயம் வைக்கச் சொல்.

கண்காட்சியில் என் மேஜை உறுதியாகிவிட்டது, வாசலுக்கு நேர் எதிரே! கறுப்பு வெல்வெட் வாங்கிவிட்டேன். வட்டமாகப் பன்னிரண்டு குழி வெட்டி, மகாராணியைப் பன்னிரண்டு மணி இடத்தில் உட்கார வைக்கப் போகிறேன். பெரிய மதிப்பீட்டாளர்கள் வருகிறார்கள். ரிட்டயர் ஆகிற வருஷம், தாமரை. முப்பது வருஷம் எல்லோரும் பைத்தியம் என்ற ஒரு காரியத்தை ஒரே ஒரு நாளாவது நாலு பேர் நின்று பார்க்க வேண்டும். இதற்குமேல் எனக்கு ஆசை எதுவும் இல்லை.

கீறல் இருக்கிறதா என்று நீ சொல்லவே இல்லை. டயலைக் கிட்டத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. காதர் மைதீன் அடுத்த வாரம் வருகிறார்.

சேது


அல் கோபார்
11 நவம்பர் 2024

அன்புள்ள தாமரைக்கு, இங்கே நலம். அங்கே எப்படி என்று தெரியவில்லை.

காதர் மைதீன் கையை வீசிக்கொண்டு வந்து நின்றார். "அக்கா ஒண்ணும் குடுக்கல சார். டீ மட்டும் குடுத்துச்சு. மொகமே சரியில்ல," என்றார். போட்டோவும் இல்லை, ஒரு வரிகூட இல்லை. தீபாவளிக்கும் எழுதவில்லை.

மூன்று நாள் யோசித்தேன். உன் முதல் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். காதுகுத்து பற்றிப் பிறகு எழுதுகிறேன் என்று சொல்லி மழுப்பினேனே, அதுதான் காரணம் என்று புரிந்தது. எழுதுகிறேன்.

ஆபீசில் லீவு தரவில்லை என்று அன்று சொன்னது பொய். டிக்கெட் இருந்தது. குழந்தைக்கு ஒரு ஜோடி சிவப்புக்கல் தோடும் வாங்கியிருந்தேன். ஷார்ஜாவில் இறங்கி, ஒரு நீல டயல் ஏலத்துக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, அதைப் பார்த்துவிட்டு அடுத்த விமானத்தில் ஏறலாம் என்று நினைத்தேன். அடுத்த விமானத்தில் இடம் இல்லை. கடிகாரம் கிடைத்தது, மருமகளை மடியில் வைக்கும் நேரம் போய்விட்டது. பொய் என்று உனக்கு அன்றே தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். தோடு இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. அதைப் பார்க்க வெட்கமாக இருப்பதால் அந்த டிராயரைத் திறப்பதே இல்லை.

நான் செய்தது தப்பு, தாமரை. இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஆறு வருஷம் ஆகியிருக்கிறது.

சேது


அல் ஐன்
17 நவம்பர் 2024

அண்ணா, நலம் விசாரிக்கக்கூட எனக்கு மனசு நிற்கவில்லை. நீ அப்படி எழுதியதைப் படித்துவிட்டு நான் சும்மா இருந்தால் எனக்கு நல்ல கதி கிடைக்காது. சொல்லிவிடுகிறேன்.

ஆயுத பூஜையில் உன் கடிகாரத்தையும் வைத்தேன். அதுவும் ஒரு கருவிதானே, அண்ணன் பெயரில் கும்பிடுவோம், கண்காட்சி நல்லபடி நடக்கட்டும் என்றுதான். கண்ணாடிமேல் பொட்டு வைக்கப் போனேன். கண்ணாடிக்கு வைத்தால் கடிகாரத்துக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று தோன்றியது. நீதான் மூடியைத் திறக்கச் சொல்லிக் கொடுத்திருந்தாயே! திறந்து, முள்ளில் படாமல், நாலு மணி எண்ணுக்குப் பக்கத்தில் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தேன். ரக்ஷிதா கேட்டாள் என்று பச்சைக்கும் அதேபோல்.

மறுநாள் காலை ஈரப் பஞ்சால் லேசாக ஒற்றினேன். சந்தனத்தோடு ரோஸும் வந்துவிட்டது. பதறிப்போய் இன்னும் துடைத்தேன், நீலமும் வந்தது, பூங்கொத்தும் வந்தது. இப்போது பாதி டயல் வெறும் வெள்ளை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். நீ துடைக்காதே என்று இரண்டு முறை எழுதியிருந்தாய்.

ஒரு மாதமாக மறைத்தேன். ஆறு வருஷம் கழித்து எழுத ஆரம்பித்தவன், இதைக் கேட்டால் மறுபடி போய்விடுவான் என்ற பயம் அண்ணா. வேறொன்றும் இல்லை. என்னைத் திட்டு, எத்தனை பக்கம் வேண்டுமானாலும் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

பச்சைக்கு ஒன்றும் ஆகவில்லை. அழுக்குப் போய்ப் பளபளவென்று இருக்கிறது. ரக்ஷிதா அதைப் பள்ளிக்கூடப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறாள்.

தாமரை


அல் கோபார்
20 நவம்பர் 2024
கூரியரில்

தாமரை! பள்ளிக்கூடப் பையிலா? உடனே வாங்கி வை! மாப்பிள்ளைக்கு நாலு முறை போன் போட்டேன், சைட்டில் இருக்கிறாராம், எடுக்கவில்லை.

உன்னைத் திட்டுவதா? உன் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும்! ஈரப் பஞ்சுக்கு வந்துவிட்டது என்றால் ரோஸ் தீட்டினது. கடிகாரம் அசல், போட்ட வேஷம் பொய். போட்டோவைப் பார்த்து மயங்கி ஒரு கேள்வி கேட்காமல் வாங்கியவன் நான். நீ ஒன்றையும் கெடுக்கவில்லை, என் மடத்தனத்தைத்தான் துடைத்தாய். பொட்டு வைக்காமல் இருந்திருந்தால், அத்தனை மதிப்பீட்டாளர்கள் நடுவில் என் மானம் போயிருக்கும்.

ஆனால் பச்சை! ஒரு ராத்திரி முழுக்கச் சந்தனமும் குங்குமமும் ஊறி, ஈரத் துடைப்பும் வாங்கி, நிறம் போகவில்லை என்றால் அது சூளையில் சுட்டது! முப்பது வருஷ அனுபவத்தில் டூப்ளிகேட் என்று எழுதினேனே, அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். இரண்டையும் மூசா பாயிடம் கொண்டு போ. நீ இனி எதையும் துடைக்காதே. இல்லை, இனி நீ எதை வேண்டுமானாலும் துடைக்கலாம்!

சேது


அல் ஐன்
30 நவம்பர் 2024

அண்ணாவுக்கு, இங்கே எல்லோரும் சுகம். எனக்கு ஒரு மாதம் கழித்துப் பசி எடுத்திருக்கிறது.

மூசா பாயிடம் போனோம். ரோஸைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கே சந்தேகம்தாம்மா. கேட்டிருந்தா சொல்லிருப்பேன், அவரு கேக்கல. மனசு உறுத்திச்சு, அதுக்காகத்தான் அந்தப் பச்சைய சும்மா குடுத்தேன்," என்றார். அப்புறம் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பச்சையைப் பார்த்தார். விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் "யா அல்லாஹ்!" என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

அசல்தான் அண்ணா! மூன்று தடவை சுட்ட பச்சை, உள்ளே தங்கத் துகளில் இலைகள். அழுக்குக்கு அடியில் யாருக்கும் தெரியவில்லை. உன் மூன்று கடிகாரத்தையும் சேர்த்தாலும் இதன் விலைக்குப் பக்கத்தில் வராதாம். திருப்பித் தரட்டுமா என்று கேட்டேன். "குடுத்தது குடுத்ததுதான். அவரு மூணும் எனக்கு, பச்சை ஒங்களுக்கு, ரோஸ் குப்பைக்கு. கலாஸ், கணக்கு முடிஞ்சிச்சு!" என்று எங்களுக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்தார்.

ஒரு குறை இருக்கிறது. நாலு மணிக்குப் பக்கத்தில் ஒரு முடிக்கீறல். ஏற்கெனவே இருந்ததாம். என் குங்குமம் அதற்குள் இறங்கி, இப்போது சிவப்புக் கோடாகத் தெரிகிறது.

இன்னொரு சிக்கல். பச்சை உன்னுடையது இல்லை. விளையாடக் கொடுத்துவிடு, மாமா பரிசு என்று நீயே எழுதியிருக்கிறாய். ரக்ஷிதா அந்தக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறாள். அவள் ரொம்ப நாளாகக் காதில் இரண்டாவது துளை போடக் கேட்டு, நான் மறுத்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்கிறாள்: "மாமா வந்து பக்கத்துல நிக்கட்டும், பச்சையத் தரேன். பிப்ரவரி ஒண்ணு, காலைல பத்து மணி. அதுதானே எக்ஸிபிஷன் திறக்கிற நேரம்? தென் ஐ வில் நோ, மாமாவுக்கு கடிகாரமா நானான்னு." அவள் என் பெண் அண்ணா, நான் என்ன செய்வேன்?

வாட்ஸப் பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனாலும் காகிதத்திலேயே எழுது.

தாமரை


அல் ஐன்
12 ஜனவரி 2025

அண்ணாவுக்கு, நலம். உங்கள் நலம் அறிய ஆவல். பொங்கல் வாழ்த்துகள்.

ஆறு வாரமாகப் பதில் இல்லை. போனிலும் நீ கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. காதர் மைதீனைக் கேட்டால் "சார் நல்லாத்தான் இருக்காரு, ஒண்ணும் சொல்லல" என்கிறார்.

குழந்தை விளையாட்டாகக் கேட்டதை நான் எழுதியிருக்கக் கூடாது. முப்பது வருஷ ஆசைக்கு ஒரே ஒரு நாள், அதில் நிபந்தனை வைப்பது நியாயம் இல்லை. ரக்ஷிதாவிடம் பேசினேன். ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், பிறகு அவளே பஞ்சு வைத்துச் சுற்றிக் கொடுத்தாள். பச்சை இந்தப் பார்சலில் வருகிறது. பன்னிரண்டு மணி இடத்தில் வை. நீ இங்கே வர வேண்டாம். கண்காட்சி நன்றாக நடக்கட்டும். கோபம் இல்லை, சத்தியமாக இல்லை.

தாமரை


அல் கோபார்
5 பிப்ரவரி 2025

என் அன்புத் தங்கைக்கு, பத்திரமாக வந்து சேர்ந்தோம். நீ கட்டிக் கொடுத்த புளியோதரை விமானம் ஏறுவதற்குள் தீர்ந்துவிட்டது. ரக்ஷிதாவின் காது வீக்கம் குறைந்ததா? உப்புத் தண்ணீரில் ஒற்றச் சொல்.

ஒன்றாம் தேதி காலை கதவைத் திறந்து என்னைப் பார்த்தவுடன் நீ அழுதுகொண்டே, "வர்றேன்னு ஒரு வரி எழுதினா என்ன?" என்று கேட்டாய். அதற்கு இப்போது பதில் சொல்கிறேன். வருகிறேன் என்று ஒருமுறை சொல்லி வராமல் போனவன் நான். மறுபடி எழுதினால் அதுவும் வெறும் எழுத்துத்தான். வந்து நிற்க வேண்டும் என்று நினைத்தேன். பச்சை கைக்கு வந்துவிட்டது, இனி போக வேண்டாமே என்று சம்யுக்தா சீண்டிப் பார்த்தாள். அன்றைக்குத்தான் அந்த டிராயரைத் திறந்து தோட்டை எடுத்தேன்.

பதின்மூன்று வயசுப் பெண் மடியில் உட்கார மாட்டேன் என்றுவிட்டாள். ஆனால் துளை போடும் மிஷின் காதுக்குப் பக்கத்தில் வந்ததும் என் கையை எப்படிப் பிடித்தாள் தெரியுமா? நகக்குறி இன்னும் இருக்கிறது. ஒரு துளைக்கு ஒரு தோடு போதும், இன்னொன்று அடுத்த காதுக்கு. அதற்கும் வருவேன்.

கண்காட்சிக்கு நான் போய்ச் சேரும்போது மணி இரண்டு. அதுவரை மேஜையில் சம்யுக்தாதான். கடிகாரங்களைச் சக்களத்தி என்று திட்டுகிறவள், "இது பத்தொன்பதாம் நூற்றாண்டு, தொடாதீங்க, பாய்!" என்று கூட்டத்தை அதட்டிக்கொண்டிருந்தாள். கூட்டம், தாமரை! மூன்று வரிசை நின்றார்கள். அத்தனை பேரும் பச்சையைத்தான் பார்த்தார்கள்.

வயதான ஒரு மதிப்பீட்டாளர் பத்து நிமிஷம் குனிந்து பார்த்துவிட்டு, இந்தச் சிவப்புக் கறையை மருந்து வைத்து எடுத்துவிடலாம், கீறலே கண்ணுக்குத் தெரியாது, மதிப்பு கால்வாசி கூடும் என்றார். நான் மேஜையில் வைத்திருந்த அட்டையைக் காட்டினேன். உனக்குத் தெரியாமல் அன்று காலை உன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எழுதியது. அவருக்கு ஒவ்வொரு வரியாகச் சொன்னேன், சிரித்துக்கொண்டே கை குலுக்கிவிட்டுப் போனார். அட்டையை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன், ரக்ஷிதாவிடம் கொடு. பச்சையும் அவளிடமே வந்து சேரும், காதர் மைதீன் எடுத்து வருகிறார்.

"பன்னிரண்டாவது நிறம்: பச்சை. உரிமையாளர்: ரக்ஷிதா. நாலு மணி அருகே உள்ள சிவப்பு என் தங்கை வைத்த பொட்டு. துடைக்கக் கூடாது."

உன் அண்ணன்
சேது